ஆற்றுக்கு ஆறு அங்குலம், அக்காவுக்கு மூன்று

சென்ற மாதம் செவன் ஹில்ஸில் ஒரு கலியாண வரவேற்பு. சாப்பாட்டு வரிசையில் நின்ற என்னை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். கெல்லிவில்லில் இருக்கும் கணினிக்காரர், பெயர் பிரதீபன். பழைய யூட் ஒன்று வாங்கியிருக்கிறாராம். முன்னால் ஆட்கள் இருக்க, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டோடு இருக்கும் வண்டியைத்தான் இந்த நாட்டில் யூட் என்கிறார்கள்.

“அங்கிள், நீங்கள்தானே அந்தக் காலத்திலை ஸ்பிரிங் வேலை செய்தனீங்கள்? வண்டியை ரெண்டு இஞ்சி உயரம் தூக்கவோ, மூண்டு இஞ்சி தூக்கவோ? டயர் என்ன சைஸ் போட?”

“எதுக்குத் தூக்கிறியள்?”

“லுக்குக்குத்தான் அங்கிள்.”

“அப்ப கண்ணாடிக்கு முன்னாலை வைச்சுத் தூக்குங்கோ.”

அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார். வண்டியின் பெயரையும் வருடத்தையும் தட்டினார். நான் கரண்டியால் கத்தரிக்காய்க் கறி அள்ளி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. இவ்வளவு உயரம், இந்த டயர், கூடவே படமும்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள். “ஏன் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்லேல்லை? வேலையை விட்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருத்தன் மதிச்சுக் கேட்டிருக்கிறான்.” பகிடி விட்டுத் தப்புவது என் பிறவிக்குணம் என்று அவளுக்குத் தெரியும். இந்தமுறை எதிலிருந்து தப்பினேன் என்பது தெரியாது. அதை எழுதத்தான் இவ்வளவு முன்னுரை.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில் ஒரு லொறிப் பட்டறையில். அங்கே வண்டியை உயர்த்துவதற்கு ஒரேயொரு காரணம்தான் உண்டு, வெங்காயம் இன்னும் பத்து மூட்டை ஏற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்குள் இரண்டு தகடு கூடச் செருகுவோம். வண்டி உயரும், முதலாளி சிரிப்பார், சாரதியின் முதுகு முறியும். இதுதான் என் முழுப் படிப்பு. கறுத்த தோல்காரரையும் உள்ளே விடலாம் என்று இந்த நாடு மனம் மாறிய எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தப் படிப்போடு சிட்னிக்கு வந்து இறங்கினேன். செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங், டயர் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறை. அங்கே வேலை கிடைத்தது.

என்னை எடுத்தவர் ஹார்வி என்ற மேற்பார்வையாளர். திறமையைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். “ஏத்தி வைச்ச வண்டிக்குக் கீழை குனியாமல் நடக்கிற ஒருத்தன் தேவைப்பட்டுது,” என்று ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அவரே போட்டு உடைத்தார். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் என் மண்டைக்குள் ஹார்வி எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார். அதனால் இங்கேயும் அப்படியே பேசட்டும்.

ஹார்வி போர்க்காலத்தில் இராணுவ லொறிகளைத் திருத்தியவர். வெயிலில் உரிந்து உரிந்து ஒரு நிரந்தரச் சிவப்புக்கு வந்துவிட்ட மூக்கு. பேசும்போது வேலை செய்யமாட்டார், வேலை செய்யும்போது பேசமாட்டார், பல்லிடுக்கால் ஒரு சீழ்க்கை மட்டும் வரும். ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோ வாடிக்கையாளரிடம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “முதல்லை அது எப்பிடி இருக்குது எண்டு பாப்பம்.” இதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

வெறும் வண்டியை அவர் அளக்கவே மாட்டார். எப்படி ஓடுகிறதோ அப்படியே கொண்டுவா என்பார். அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் முற்றம் சந்தைபோல் இருக்கும். குழாய்க்காரர் குழாயோடு வருவார். கோவாத் தோட்டக்காரர் கோவாவோடு வருவார். ஒருவர் மூன்று நாய்களையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமியாரை இறக்கிவிட்டு அளக்கலாமா என்று அவர் ஆசையோடு கேட்டது நினைவிருக்கிறது.

அளப்பது தரையிலிருந்து அல்ல. தரையிலிருந்து அளந்தால் டயர் குழப்பிவிடும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை, நான்கு மூலையிலும் அளந்து, அங்கேயே சோக்கால் எழுதுவார். புதுத் தகடு போட்டபின் வண்டியை ஒரு சுற்று ஓடிவிட்டு வரச்சொல்லி மறுபடி அளப்பார், புது ஸ்பிரிங் முதல் அளவில் பொய் சொல்லும் என்பதால். பெரிய டயர் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம் உண்டு. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் வண்டி ஓரங்குலம்தான் உயரும். மற்ற ஓரங்குலம் அச்சுக்கு மேலே போய் மட்கார்ட்டைத் தேடும். பிரேக் பிடிப்பது குறையும், வேகமானி குறைத்துக் காட்டும், முன்விளக்கு மரத்தில் இருக்கும் பறவைகளுக்கு வெளிச்சம் கொடுக்கும். இதை நம்பாத மனிதர்கள் நம்பியவர்களைவிட அதிகம்.

கடைசிச் சோதனை கைச் சோதனை. ஒரு சில்லைக் கட்டையில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, டயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே கையைப் பொத்தி விடவேண்டும். கை போனால் வண்டி போகலாம். ஒருநாள் ஹார்வி இல்லாதபோது, தொப்பியைக் கழற்றாத ஒரு மாட்டுப்பண்ணைக்காரரின் யூட்டில் அந்தச் சோதனையை நான் செய்தேன். கை தாராளமாகப் போனது. மனிதர் முதல் வளைவிலேயே புகையோடு திரும்பி வந்தார். டயர் மட்கார்ட்டைத் தின்றிருந்தது. ஹார்வி என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பலாப்பழத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம். “இனிமேல் நீ ரெண்டு கையையும் சேர்த்து விடு,” என்றார். பட்டறை முழுவதும் சிரித்தது, நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்காத ஒரு மழைக்காலத்தில்தான் அருளம்பலம் அண்ணை வந்து சேர்ந்தார்.

அப்போது சிட்னியில் எங்கள் சனம் மிகக் குறைவு. தெருவில் ஒரு சேலையைக் கண்டால் கார் பிரேக் போடும். அருளம்பலம் அண்ணை இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டு, கெல்லிவில்லில் கோழிப்பண்ணையோடு ஒரு காணி வாங்கியிருந்தார். இன்று மாளிகை நிரைநிரையாக நிற்கிற அதே கெல்லிவில்தான். அன்று தோடம்பழத் தோட்டமும் கோழி நாற்றமும் மண் தெருவும். அவர் காணிக்குப் போக ஒரே வழி, ஒரு சிற்றாற்றுக்குக் குறுக்கே போட்ட சீமெந்துத் தளம். மழை பெய்தால் தளத்துக்கு மேலால் ஆறு ஓடும்.

“தம்பி குணம், ஆத்தை நான் அளந்திட்டன்,” என்றார் வந்ததும் வராததுமாக. அளக்காமல் அவர் எதையும் நம்பமாட்டார். கரையில் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கோடு போட்டு வைத்திருந்தார். அவருடையது நாலு சில்லும் இழுக்கிற பழைய யூட். கதவுக்குக் கீழே நீளமாக ஒரு கால்மிதி, அதில் கால் வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். “என்ரை கணக்குக்கு ஆறு இஞ்சி உயரவேணும்.”

ஹார்வி வண்டியைச் சுற்றி வந்தார். “முதல்லை அது எப்பிடி இருக்குது எண்டு பாப்பம். இதிலை ஆர் ஓடுறது? என்ன ஏத்திறது?”

“கோழித்தீன். முட்டை. என்ரை மனுசி,” என்றார் அண்ணை. பிறகு கொஞ்சம் யோசித்து, “மனுசியை முதல்லை சொல்லியிருக்கவேணும்,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை பூமணி அக்கா வந்தார். தசை தளர்ந்துகொண்டே போகிற வருத்தம். கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசியும் காலுக்குப் பயிற்சியும். தவறினால் அடுத்த கிழமை கால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். டொக்டர் இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். அவர் தானாகத்தான் வண்டியில் ஏறவேண்டும். ஒருவரும் தூக்கிவிடக் கூடாது. தூக்கத் தொடங்கினால் கால் வேலையை மறந்துவிடும், பிறகு ஒருநாளும் நினைவுக்கு வராது. கைபிடிக்க ஒரு கம்பி இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே அளக்கவேண்டியது வண்டியை மட்டுமல்ல, அக்காவின் காலையும். ஹார்வி பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பாரந்தூக்கியின் தூணைப் பிடித்துக்கொண்டு அக்கா ஏறவேண்டும். ஏறினால் இன்னொரு பலகை. பக்கத்தில் குந்தியிருந்து சேலைக் கரையை அளவுநாடாவோடு பார்க்கும் வேலை எனக்கு. நான் வளர்ந்த இடத்தில் பெண்பிள்ளைகளின் காலை ஏறிட்டுப் பார்ப்பதே குற்றம். நான் கண்ணை மூடிக்கொண்டு நாடாவைப் பிடித்தேன். ஹார்வி இன்னும் மோசம், மரியாதைக்காக முழுதாக மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

“இதென்ன கண்டறியாத வேலை?” என்றார் அக்கா. “ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு அளக்கிறார், மற்றவர் சுவரைப் பாத்துக்கொண்டு எழுதுறார். இவையளை நம்பியோ இஞ்சாருங்கோ, என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“நீர் கதைக்காமல் ஏறும்,” என்றார் அண்ணை.

ஹார்வி சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். “இந்த நீளத் துணிக்குப் பதிலாக் காற்சட்டை போட்டா இன்னும் ரெண்டு இஞ்சி கால் எழும்பும். அவவிட்டைக் கேட்டுப் பார்.”

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, அதை எப்படித் தமிழில் பக்குவமாகச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா சுத்தமான ஆங்கிலத்தில் அவருக்கு நேரே பதில் சொன்னார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் கட்டிவருகிற சேலையை ஒரு வண்டிக்காகக் கழற்றுகிற எண்ணமில்லை, வண்டி வேண்டுமானால் தன்னை மாற்றிக்கொள்ளட்டும். அக்கா ஊரில் ஆங்கில ஆசிரியை என்பதை அண்ணை எங்களுக்குச் சொல்லவில்லை. ஹார்வி தொப்பியைக் கழற்றி, “சரி அம்மா,” என்றார். அவர் தொப்பியைக் கழற்றியதை அன்றுதான் நான் முதலில் கண்டேன்.

அளவு வந்தது. கால்மிதி நிலத்திலிருந்து பதின்மூன்று அங்குலம். அக்காவின் கால் எழும்புவது பதினாறு. ஆறு கேட்பது ஆறங்குலம், கால் கொடுப்பது மூன்று.

வேறு வழி இல்லையா என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள், ஹார்வியும் கேட்டார். கீழே இன்னொரு படி தொங்கவிட்டோம். முதல் வெள்ளத்தில் மிதந்துவந்த மரக்கட்டை அதைப் பிய்த்துக்கொண்டு போனது. முக்காலி ஒன்று செய்து கொடுத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அது ஆட, அக்கா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப்பின் ஆடுகிற எதிலும் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டார். வீடு மாறினால் என்ன என்று ஹார்வி கேட்டதற்கும் அக்காதான் பதில் சொன்னார். “இந்த மனிசன் வாசல்லை இருந்து கோழிக்கூடு வரைக்கும் ஒரு படி இல்லாமல் மட்டம் பாத்துக் கட்டி வைச்சிருக்கிறார். அங்கை நான் தனிய நடப்பன். வேறை எந்த வீட்டிலை நான் நடக்கிறது?”

ஆகவே மூன்றங்குலம். ஸ்பிரிங்கில் இரண்டு, டயரில் ஒன்று. மீதி மூன்றை ஹார்வி தந்திரத்தால் ஈடுகட்டினார். எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயை மேலே இழுத்துக் கட்டினோம். மின்பொறி போகிற இடமெல்லாம் கிறீஸ் அப்பினோம். ஆற்றுக்கு வந்ததும், விசிறி தண்ணீரை எஞ்சின்மேல் வாரி இறைக்காதபடி அதன் வாரைக் கழற்றி, முன் வலைக்குச் சாக்குத் தொங்கவிட்டு, மெதுவாக, நிற்காமல் போகச் சொன்னோம். அந்த மழைக்காலம் முழுவதும் அண்ணை அக்காவை ஒரு கிழமையும் தவறாமல் ஆற்றைக் கடத்திக் கொண்டுபோனார். முட்டை ஒரு தட்டு பட்டறைக்கு வந்தது. நான் என்னை ஒரு பொறியியலாளர் என்று நினைத்துக்கொண்டு சில மாதங்கள் நடந்தேன். குவேக்கர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த அறையின் கண்ணாடிக்கும் அது தெரியும்.

அடுத்த வருடம் அவர்கள் மறுபடி வந்தார்கள். பலகை அடுக்கினோம். பதினான்கில் கால் நின்றுவிட்டது.

“கால் இல்லைத் தம்பி, சீலைதான் தடுக்குது,” என்றார் அக்கா. “கஞ்சி போட்ட பருத்திச் சீலை. கொய்யகம் விரியுதில்லை.”

“அப்ப நைலெக்ஸ் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே,” என்றார் அண்ணை.

“நீங்கள் சும்மா இருங்கோ.”

அண்ணை சும்மா இருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இருந்தார். அக்கா ஏறும்போதெல்லாம் அவர் அப்படித்தான் நிற்பார், கை தன்னை மீறிப் போய்விடும் என்று பயந்தவர்போல. நான் பலகையில் ஒன்றை எடுத்துவிட்டு, சீலைதான் அக்கா, என்றேன். என் வாயில் வந்த பொய்களில் இதற்குமட்டும் நான் வெட்கப்படவில்லை.

ஸ்பிரிங்கில் கூட்டிய இரண்டங்குலத்தையும் கழற்றினோம். வண்டி இறங்கியது, அக்கா ஏறினார். அந்த வருடம் மழையும் விட்டபாடில்லை. மூன்று அங்குலத்தில் கடந்த வெள்ளத்தை ஓரங்குலத்தில் கடக்க முடியாது, தந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆற்றங்கரைக்கு வந்து, மரத்தில் தான் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, அக்காவோடு வீட்டுக்குத் திரும்பிய கிழமைகள் வரத் தொடங்கின. ஆஸ்பத்திரி தவறியது. தவறியதால் கால் இறங்கியது. கால் இறங்கியதால் வண்டியை இன்னும் இறக்கவேண்டி வந்தது. வண்டி இறங்கியதால் ஆஸ்பத்திரி இன்னும் தவறியது.

இந்தச் சுற்றை நான்தான் முதலில் கண்டேன் என்று பெருமை சொல்லமாட்டேன். ஹார்வி, அண்ணை, நான் மூன்று பேருமே கண்டிருந்தோம். அக்காவும் கண்டிருப்பார், அவர் எங்கள் மூவரையும்விடக் கெட்டிக்காரி.

மூன்றாம்முறை பலகை பன்னிரண்டில் நின்றது. கால்மிதி, வண்டி பிறந்தபோதே பதின்மூன்று. அதாவது, அந்த யூட்டை அது செய்யப்பட்ட உயரத்துக்கும் கீழே இறக்கவேண்டும். உயர்த்துவதற்கென்றே இருக்கிற பட்டறையில், சேற்றிலும் ஆற்றிலும் ஓடப் பிறந்த ஒரு வண்டியின் தகடுகளை உருவி, வளைவை நிமிர்த்தி, காருக்குப் போடுகிற சிறிய டயரைப் பூட்டினேன். இரண்டு மூட்டை கோழித்தீன் ஏற்றினாலே அடி தட்டும் நிலை. மற்ற வேலையாட்கள், “என்ன மேட், பிணவண்டி செய்கிறாயா?” என்று கேட்டார்கள். வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி என்னிடம் தயாராக இருக்கும். அன்று அடுத்த சில்லின் நட்டை முறுக்கப் போனேன்.

வேலை முடிந்து வண்டியை ஒரு சுற்று ஓடி வந்தபின் ஹார்வி அளந்தார். கணக்குச் சரி. சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், எண்ணை எழுதவில்லை. “இதுக்குச் சரியான உயரம் எண்டு ஒண்டு இல்லை, குணம்,” என்றார். “நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறது இல்லாத சாமானை.” சீழ்க்கை கூட வராமல் தேநீர் குடிக்கப் போனார். அவர் ஒரு வண்டியைப் பற்றி அப்படிச் சொன்னதை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அக்கா அன்று தானாகவே ஏறி இருந்தார். மூச்சு வாங்கியது. சன்னலால் எட்டிப்பார்த்து, “தம்பி, இப்ப நான் உம்மைவிட உயரம் குறைவாப் போனன், பாரும்,” என்றார். நான் சிரித்தேன். நல்ல பகிடிதான். யாரும் சிரிக்காவிட்டால் அவர் மனம் நோகும் என்பதால் சத்தமாகவே சிரித்தேன்.

அதன்பின் கொஞ்சக் காலம் அவர்களைக் காணவில்லை. கோடை வந்து போனது. ஆறு வற்றிக் கிடந்திருக்கும், ஆஸ்பத்திரி தவறியிராது, கால் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை அண்ணை தனியாக வந்தார். யூட்டை முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினார். சவரம் செய்யாத முகம்.

“உயத்தும் தம்பி.”

“எவ்வளவு அண்ணை?”

“ஆறு இஞ்சி. முதல் நாள் சொன்னது.”

ஹார்வி கைதுடைக்கும் துணியோடு வந்து நின்றார். நான் கேட்க விரும்பாததை அவர் கேட்டார். “அம்மாவின்ரை கால்?”

“அவ இனி ஏறமாட்டா,” என்றார் அண்ணை. “கட்டில்லைதான். டொக்டரும் இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேண்டாம் எண்டிட்டார். நேர்ஸ்தான் வந்து ஊசி போடவேணும், அவவைத்தான் ஏத்தி இறக்கவேணும். நேர்ஸ் நல்லா ஏறுவா, பெரிய கால். இந்த மழைக்கு ஒருநாளும் தவறக் கூடாது தம்பி. நோவுக்கான ஊசி.”

அன்றைக்குக் கணக்கு மிகச் சுலபமாக வந்தது. இத்தனை நாளும் இரண்டு பக்கமும் இழுத்த கயிற்றில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு ஆறு, அவ்வளவுதான். ஸ்பிரிங்கில் நான்கு. டயரில் இரண்டு, அதாவது விட்டத்தில் நாலங்குலம் கூடிய டயர். பிரேக் குழாய்களை நீளமாக்கினோம். பின்சில்லைச் சுழற்றும் தண்டின் சரிவுக்கு ஆப்பு வைத்துச் சரிக்கட்டினோம். முன்விளக்கை இறக்கினோம். சில்லைக் கட்டையில் ஏற்றி, இரண்டு கையையும் சேர்த்து விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது. ஓடிவிட்டு வந்து அளந்தபோது நான்கு மூலையும் மயிரிழை பிசகாமல் நின்றன. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வந்த வேலை வேறு இல்லை. யாருக்காவது படம் எடுத்துக் காட்டக்கூடிய வேலை. நான் கழுவும் தொட்டிக்குப் போய், கையில் இல்லாத கிறீஸை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஹார்வி என்னைக் கூப்பிட்டு, “அவரோடை நீயும் போ. ஆத்திலை எப்பிடிப் போகுது எண்டு பாத்துக்கொண்டு வா,” என்றார். அது பட்டறை வழக்கமல்ல.

மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு எனக்கே இரண்டு தரம் எத்தனிக்கவேண்டியிருந்தது. வேறொரு நாளாயிருந்தால் அதை வைத்து நானே ஒரு வாரத்துக்குப் பகிடி விட்டிருப்பேன். ஆற்றில் தளம் தெரியவில்லை, மண்ணிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. அண்ணை விசிறி வாரைக் கழற்றவுமில்லை, சாக்குத் தொங்கவிடவுமில்லை. அதெல்லாம் இப்போது தேவைப்படவில்லை. தெருவில் போவதுபோல யூட் இறங்கி, நடந்து, மற்றக் கரையில் ஏறியது. தண்ணீர் கீழால் போன சத்தம் மட்டும் கேட்டது.

வண்டியை வீட்டுக்குப் பக்கத்தில், அறைச் சன்னலோரம் நிறுத்தினார். உள்ளே வாசல் முதல் கட்டில் வரை நிலம் ஒரே மட்டமாக இருந்தது. அக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அதே ஆசிரியைக் குரல்.

“எவ்வளவு வைச்சனீர், தம்பி?”

“ஆறு அக்கா.”

“வெள்ளத்துக்குள்ளாலையோ வந்தனீங்கள்?”

“ஓம் அக்கா. நிக்காமல் வந்தது.”

“அப்ப முதல் நாளே இதை வைச்சிருக்கலாம். என்ரை காலுக்காக ஆத்தை இவ்வளவு காலமும் காக்க வைச்சிட்டியள்.”

அண்ணை ஈரத் துவாயை எடுக்கும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை. கதிரை நுனியில் இருந்தபடி, சொல்ல ஒரு பகிடி தேடினேன். என்னிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

அக்கா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சன்னல் பக்கம் கொண்டுபோனார். சன்னல் அடி விளிம்புக்கு மேலே, மழையில் நனைந்த யூட்டின் கூரை ஒரு கையகலம் தெரிந்தது.

“முந்தி இது தெரியாது,” என்றார். “சன்னலுக்குக் கீழை பதிவா நிக்கும், சத்தம் மட்டும்தான் கேக்கும். மழை எண்டா அதுவும் கேக்காது. இவர் வந்திட்டாரோ, இன்னும் ஆத்திலையோ எண்டு கிடந்து யோசிப்பன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இப்ப படுத்தபடியே பாக்கலாம். நல்ல உயரம்தான் வைச்சிருக்கிறீர்.”